இடது பக்கக் கதவு

மெக்கானிக் செபஸ்தியான் சாப்பிடப் போயிருக்கிறான். அவன் கை கழுவிக்கொண்டு வருவதற்குள் என்னிடம் ஒரு பதில் இருக்க வேண்டும்: என்ஜினை மாற்றுவதா, வண்டியை இருக்கிற கோலத்திலேயே விற்றுவிடுவதா. காலையில் வந்த திருச்சி வியாபாரி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, டயரைக் காலால் தட்டிப் பார்த்துவிட்டு, இடது பக்கக் கதவில் ஜன்னலுக்குக் கீழே பெயின்ட் உதிர்ந்திருக்கும் இடத்தில் விரலை வைத்து, "இதென்ன, கல்லடியா?" என்றார். "அது ஒண்ணுமில்ல சார், டச்சப் பண்ணிட்டா தெரியாது" என்று செபஸ்தியான் எனக்காகச் சொன்னான். சொன்னதோடு ஒரு பெயின்ட் டப்பாவையும் சின்ன பிரஷ்ஷையும் எடுத்து ஸ்டூல்மேல் வைத்துவிட்டு, "மத்தியானத்துக்குள்ள சொல்லிடுங்கண்ணே. அவரு வேற வண்டி பாத்துட்டாருன்னா அப்புறம் எடைக்குத்தான் போகும்" என்று டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டான். பட்டறையில் இருக்கும் ஒரே நாற்காலியில் யாருடைய ரேடியேட்டரோ உட்கார்ந்திருக்கிறது. அதனால் நான் என் வண்டிக்குள் ஏறி என் இருக்கையில் உட்கார்ந்தேன். பானெட் திறந்து கிடப்பதால் முன்கண்ணாடி முழுக்க அதன் அடிவயிறுதான் தெரிகிறது, கறுப்பாக, எண்ணெய்ப் பிசுக்கோடு. எங்கேயும் போகாத வண்டிக்கு முன்னால் ரோடு எதற்கு. மழைத் தண்ணீர் காய்ந்த சேற்று வாடை காலடி விரிப்பிலிருந்து இன்னும் வருகிறது. மங்கையைக் கேட்டால், நாலு முறை சோப்பு போட்டுக் கழுவியாகிவிட்டது என்பாள். என் மனைவி எதையும் கழுவிவிட்டால் முடிந்தது என்று நினைப்பவள். நேற்று முருங்கைக்கீரை உருவிக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னாள்: "வித்துடுங்க. எதுக்குப் போட்டு அலைஞ்சுக்கிட்டு. அதான் திவாகர் வண்டி இருக்கே." கீரை உருவும் சத்தம் ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. அந்த 'இருக்கே'யில் எதுவும் ஒளிந்திருக்கவில்லை, அது எனக்குத் தெரியும். ஒரு பொருள் வீட்டுக்கு அருகில் இருக்கிறது, எதற்கு இன்னொன்று என்கிற கணக்கு. தெருவில் அடிகுழாய் இருக்கே என்பதுபோல. ஆனால் ராத்திரி படுத்தபோது அந்தச் சொல் கூடவே வந்து படுத்தது. திவாகர் வண்டி இருக்கே. திவாகர் இருக்கானே.

திவாகர் என் சகலை. மங்கையின் தங்கை குழலியைக் கட்டியவன். சோலார் பேனல் வியாபாரம். புதுக்கோட்டையில் பாதி மாடிகளில் அவன் கண்ணாடி மினுங்குகிறது; கீழே கீழராஜ வீதியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்துக்கொண்டு நான் அண்ணாந்து பார்க்கிறேன். எங்கள் மாமனாருக்கு இரண்டும் பெண்கள். நான் மூத்த மாப்பிள்ளை. அந்தக் குடும்பத்தில் முதல் கார் என்னுடையது. இப்போது நான் உட்கார்ந்திருக்கும் இந்த வெளிறிய நீல வண்டிதான். இது வந்த அன்று மாமியார் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார், பூசணிக்காய் சுற்றினார், தெருவே வந்து பார்த்தது. அப்போது திவாகர் கல்யாணமாகிப் புதிதாக வந்திருந்தான். வண்டியைத் துடைத்துக் கொடுத்தான், "அண்ணே, சூப்பரா இருக்குண்ணே" என்று மனசாரச் சொன்னான். நான் அதை நம்பினேன், நம்பியதில் தப்பும் இல்லை. போன தை மாதம் அவன் வண்டி வந்தபோது அதே மாமியார், அதே எலுமிச்சம்பழம். வண்டிதான் உயரம், வெள்ளை, மேலே வானம் பார்க்கிற மாதிரி ஒரு திறப்பு. நானும் துணி எடுத்துத் துடைத்தேன். "சூப்பரா இருக்கு திவாகர்" என்றேன். அவன் சொன்னபோது இருந்த மாதிரி என் வாயில் அது இல்லை. உப்புப் போடாத சோறு மாதிரி இருந்தது. அவனிடம் குறை கண்டுபிடிக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். குடிக்க மாட்டான். அடுத்தவர் பேச்சில் குறுக்கே விழ மாட்டான். கடன் கேட்டால் கொடுத்துவிட்டு மறந்துவிடுவான் என்று அவன் கடைப்பையன்களே சொல்கிறார்கள். வண்டியை எந்தச் சந்திலும் ஒரே மூச்சில் நிறுத்துவான். இப்படி ஒருத்தன் மேல் பொறாமைப்படுவது, பூட்டாத வீட்டில் திருடப் போனவன் கதை. சாகசம் எதுவும் இல்லை. வெட்கம் மட்டும் மிஞ்சும்.

காருக்காகப் பொறாமை என்று யாராவது நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும். மங்கை அப்படித்தான் நினைக்கிறாள். "உங்களுக்கும் அது மாதிரி வேணும்னா லோன் போட்டு வாங்குங்க, யார் வேண்டாங்கிறா" என்கிறாள். எனக்கு அந்த உயர வண்டி வேண்டாம். எனக்கு வேண்டியது வியாழக்கிழமை. மாமனார் சிங்காரத்துக்குக் காலில் சர்க்கரைப் புண். ஒரு வருஷமாக வாராவாரம் வியாழனன்று திருச்சி ஆஸ்பத்திரியில் கட்டு மாற்ற வேண்டும். கூட்டிப் போவது நான். கடையை அரைநாள் பூட்டிவிட்டுப் போவேன். ஊரில் அவரைக் கண்டக்டர் சிங்காரம் என்றால்தான் தெரியும். புதுக்கோட்டை-திருச்சி தடத்திலேயே முப்பது வருஷம் ஓடியவர். வீட்டில் பேச மாட்டார். சாப்பிட்டாயிற்றா என்றால் ம், மாத்திரை போட்டாயிற்றா என்றால் ம். மாமியார் அவரிடம் பேசுவதை விட்டுவிட்டு டிவியிடம் பேச ஆரம்பித்துப் பல காலம் ஆகிறது. ஆனால் என் வண்டியில் முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்ததும் முதல் காரியமாக ஜன்னலை முழுக்க இறக்குவார். தலையை வெளியே நீட்டிப் பின்பக்கம் பார்ப்பார், கடைசிப் படியில் யாரோ தொற்றிக்கொண்டிருப்பதுபோல. பிறகு இடது கையை வெளியே விட்டு, செம்பு மோதிரம் போட்ட விரலால் கதவை இரண்டு தட்டுத் தட்டுவார். டக் டக். அதற்குப் பிறகுதான் நான் கியர் போட வேண்டும். முதல் தடவை அது எதேச்சையாக நடந்தது. சாவி போட்டுவிட்டுக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டிருந்தேன், அவர் தட்டினார், நான் எடுத்தேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவ்வளவுதான். அடுத்த வாரம் நான் காத்திருந்தேன். அதற்கப்புறம் காத்திருக்காமல் எடுத்ததே இல்லை. பின்னால் ஆட்டோக்காரன் ஹாரன் அடித்தாலும் சரி. ஒருமுறை மங்கை கூட வந்தபோது, "என்ன நிக்கிறீங்க, விசில் வரலையா?" என்று சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. இரண்டு தட்டுக்கு அப்புறம் மனுஷர் வேறு ஆள். நார்த்தாமலை என்பார், அங்கே ஏறுகிற கல்லுடைக்கிற பெண்கள் பற்றிச் சொல்வார். கீரனூர் என்பார், களமாவூர் என்பார். மாத்தூரில் ஒருவர் கோழிக்கு டிக்கெட் எடுக்க மறுத்து, கோழியை வேட்டிக்குள் மறைத்துக்கொண்டு, அது அங்கே முட்டையிட்டதை ஏழெட்டுத் தடவையாவது சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் கோழியின் நிறம் மாறும். "போன வாரம் கறுப்புக் கோழின்னீங்க மாமா" என்றால், "அது வேற கோழி மாப்ள, நீங்க ரோட்டைப் பாருங்க" என்பார். ஆஸ்பத்திரி வளாகத்தில் ரிவர்ஸ் எடுக்கும்போது, "வரலாம், வரலாம், வரலாம்" என்று பாட்டு மாதிரி இழுத்து, ஒற்றைத் தட்டு. நில் என்று அர்த்தம். நான் பின்கண்ணாடியைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன். வியாபாரி விரல் வைத்துக் கல்லடியா என்று கேட்ட இடம் அதுதான். ஒரு துவரம்பருப்பு அளவு பெயின்ட் உதிர்ந்து, உள்ளே இரும்பு தெரிகிறது.

அந்த ஒற்றைத் தட்டுதான் இப்போது என்னை இங்கே கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறது. மாமியார் வழிச் சொந்தத்தில் ஒரு வளைகாப்பு. இரண்டு வண்டியில் கிளம்பினோம். சீர்த் தட்டுகள் மூத்த மாப்பிள்ளை வண்டியில், அது எங்களில் வழக்கம். அந்த வண்டிதான் முதலில் போய் அந்தத் தெருவில் நுழைய வேண்டும் என்பதும் வழக்கம். புதுக்கோட்டை எல்லை தாண்டுவதற்குள் திவாகர் முன்னால் போய்விட்டான். வேண்டுமென்று செய்யவில்லை, அவன் வண்டி அப்படி. வழியெல்லாம் அந்த வெள்ளை முதுகைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். பின்சீட்டில் மங்கை பழத்தட்டுகளை மடியில் பிடித்துக்கொண்டு, "குழலி முதல்ல போய்ச் சேர்ந்துருவா" என்று ஒவ்வொரு ஊரிலும் சொன்னாள். முதல்நாள் பெய்த மழை. ரயில்வே சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றது. திவாகர் ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரையே பார்த்தபடி நின்றான். எனக்குத் தண்ணீர் தெரிந்தது, தெரியவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதைவிட நன்றாகத் தெரிந்தது, கிளம்பியதிலிருந்து முதல்முறையாக எனக்கு முன்னால் ரோடு காலியாக இருந்தது. மாமா கையை வெளியே விட்டு ஒரு தட்டுத் தட்டினார். டக். நான் கேட்டேன், போனேன். நடுவில் போனதும் வண்டி ஒரு முக்கு முக்கி நின்றது. கதவிடுக்கு வழியாகத் தண்ணீர் காலடிக்கு வந்தது. மாமா கட்டுப் போட்ட காலைத் தூக்கி டாஷ்போர்டு மேல் வைத்துக்கொண்டார். திவாகர் தொடையளவு தண்ணீரில் நடந்து வந்து, அவர் பக்கத்துக் கதவைத் திறந்து, முதுகைக் காட்டிக் குனிந்தான். "ஏறிக்கங்க மாமா, கழுத்தைக் கெட்டியாப் பிடிச்சுக்கங்க." அவர் பிடித்துக்கொண்டார். இரண்டு கையாலும். ஒரு வருஷம் வாராவாரம் கூட்டிப் போயிருக்கிறேன். ஆஸ்பத்திரிப் படியில் முழங்கையைத் தாங்கியிருக்கிறேன், அவ்வளவுதான் நான் அவரைத் தொட்டது. அவன் முதுகில் அவர் போவதை, கால்மாட்டில் தண்ணீரும் மடியில் ஸ்டீயரிங்கும் வைத்துக்கொண்டு பார்த்தேன். பிறகு கயிறு கட்டித் தன் வண்டியாலேயே என் வண்டியை மேட்டுக்கு இழுத்தான். பெண்கள் சீர்த் தட்டோடு வெயிலுக்குக் குடை பிடித்து நின்று பார்த்தார்கள். "அண்ணே, தயவுசெஞ்சு சாவியத் தொடாதீங்க. தண்ணி உள்ள போயிருக்கும், திருகினா என்ஜின் உடைஞ்சுரும்" என்றான். அவன் சொன்னது சரி என்று கைக்குத் தெரியும். கை திருகியது. உள்ளே ஏதோ எலும்பு முறிவதுபோல ஒரு சத்தம். ராடு வளைந்து பிளாக்கைக் கிழித்துவிட்டது என்று செபஸ்தியான் பிறகு சொன்னான். குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை. மங்கை அதை நடித்தே காட்டுகிறாள். திவாகர் மட்டும் யார் கேட்டாலும், "தண்ணி போயிருச்சு, அண்ணன் என்ன செய்வாரு" என்கிறான். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அன்று திரும்பும்போது எல்லோரும் அவன் வண்டியில். மாமா முன்னால், நான் நடுவரிசையில் அவன் பையனுக்குப் பக்கத்தில். ஏறி உட்கார்ந்ததும் மாமாவின் விரல் கதவிலிருந்த ஜன்னல் பட்டனைத் தேடிப் போனது. அழுத்தினார். கண்ணாடி இறங்கவில்லை. மறுபடி அழுத்தினார். பையன் ஜன்னலைத் திறந்து செருப்பு, பொம்மை என்று வெளியே எறிகிறான் என்பதால் திவாகர் ஓட்டுநர் பக்கமிருந்து எல்லா ஜன்னல்களையும் பூட்டியே வைத்திருப்பான். அதை மாமாவிடம் சொல்ல அவனுக்குத் தோன்றவில்லை, கேட்க அவருக்குத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது, நான் வாயைத் திறக்கவில்லை. அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். வண்டி கிளம்பியது. ரிவர்ஸ் எடுத்தபோது முன்னால் சின்னத் திரையில் பின்பக்க ரோடு தெரிந்தது, பீப் பீப் என்று அதுவே சொல்லிற்று, அதுவே நிறுத்திற்று. மாமாவின் உதடு 'வரலாம்' என்று ஒருமுறை அசைந்ததைப் பார்த்தேனா, பார்த்ததாக நினைத்துக்கொண்டேனா. போன வியாழன் அவனே திருச்சிக்குக் கூட்டிப் போனான். கடையில் உட்கார்ந்து ஒரு கிழவிக்கு எழுத்து வாசித்துக் காட்டச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் சரியாகப் படிப்பதைத் தப்பு என்றும் தப்பாகப் படிப்பதைச் சரி என்றும் சொல்லிக்கொண்டிருந்தேன். இந்நேரம் கீரனூர் இருக்கும். இந்நேரம் மாத்தூர். அவனிடம் கோழிக்கதையைச் சொல்லியிருப்பாரா, எந்த நிறக் கோழியை. சாயங்காலம் மங்கை போனை வைத்துவிட்டு, "அப்பா நல்லாத் தூங்கிக்கிட்டே போனாராம். ஏசியில ஜம்முனு" என்றாள். என் வண்டியில் அவர் கண் மூடியதே இல்லை. சுகமாகத் தூங்கினாரா, செய்ய ஒன்றுமில்லாமல் தூங்கினாரா. அந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்கப் புரண்டேன். மறுநாள் திவாகர் வீட்டுக்கு வந்திருந்தபோது, அவன் உள்ளே காபி குடித்துக்கொண்டிருக்க, செருப்பைத் தேடுகிற சாக்கில் வெளியே போய் அவன் வண்டியின் இடது பக்கக் கதவை ஜன்னலுக்குக் கீழே தடவிப் பார்த்தேன். வழவழவென்று இருந்தது. மனைவியின் கைப்பையையும் கைப்பேசியையும் சந்தேகப்பட்டுத் தடவுகிற ஆண்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். நான் ஒரு கதவைத் தடவினேன். ஒரு கீறல் இல்லை. அன்றைக்குத்தான் நன்றாகத் தூங்கினேன். விடியும்போது இன்னொரு பயம் வந்தது. இந்த வாரம் இல்லை. அடுத்த வாரம்? வண்டியை விற்றுவிட்டால் எல்லா வாரமும் அவனுடையது. ஒருநாள் பையன் கூட வராமலிருப்பான், ஜன்னல் பூட்டு திறந்திருக்கும், மாமாவின் விரல் பட்டனில் படும், கண்ணாடி இறங்கும்.

போன் அடிக்கிறது. திவாகர். அடித்துக்கொண்டே இருக்கட்டும் என்று விட்டேன். நிற்கும் நேரத்தில் எடுத்தேன். "அண்ணே, பட்டறையிலயா இருக்கீங்க? என்ன சொல்றான் செபஸ்தி?" பார்க்கிறேன் என்றேன். "பாருங்க, அவசரம் இல்ல. நாளைக்கு மாமாவ நானே கூட்டிப் போயிர்றேன்." அது எனக்குத் தெரியும் என்றேன். அவன் கொஞ்சம் தயங்கினான். அவன் தயங்கி நான் கேட்டதில்லை. "அண்ணே, ஒண்ணு கேக்கணும். மாமாவுக்கு என்மேல எதுவும் கோவமா?" எதுக்கு என்றேன். "போன வாரம் போகவர ஒரு வார்த்தை பேசல. நானா ஏதாவது கேட்டா ம்ங்கிறாரு. அப்புறம் கண்ண மூடிக்கிறாரு. உங்ககூட வந்தா ஊர் ஊராப் பேசிக்கிட்டே வருவாராமே. குழலி வேற, அத்தான்கூடன்னா அப்பா வாயே மூட மாட்டாரு, உங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லைனு குத்திக்காட்டிக்கிட்டே இருக்கா. வீட்டுல அதான் பேச்சு. நீங்க என்ன பாட்டுண்ணே போடுவீங்க?" தகரக் கூரைக்குக் கீழே, சேற்று வாடையில், செத்த வண்டிக்குள் எனக்குக் குளிர்ந்த தண்ணீர் குடித்த மாதிரி இருந்தது. இவனுக்கும். வானம் பார்க்கிற வண்டி வைத்திருக்கிற இவனுக்கும். "பாட்டெல்லாம் போடறதில்ல" என்றேன். "ஏசி அதிகமா வெச்சுட்டனோ?" "தெரியல திவாகர். அவரு சுபாவமே அப்படித்தான். மனசுல வெச்சுக்காத." நல்ல மூத்தவனாகச் சொன்னேன். "சரிண்ணே" என்று வைத்துவிட்டான். குரல் தொங்கிவிட்டிருந்தது. நான் அந்தத் தொங்கலைக் கொஞ்ச நேரம் வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தேன்.

செபஸ்தியான் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். "என்னண்ணே, சாமி வரம் குடுத்துச்சா?" என்றான். "என்ஜின மாத்திரு" என்றேன். அவன் முகம் விழுந்தது. "நல்லா யோசிச்சீங்களா? இந்த வண்டிக்கு அது வேண்டாத வேலைண்ணே. உள்ளதச் சொன்னா, நீங்க வித்துட்டு ஒரு ஸ்கூட்டர் வாங்கிப் போட்டுக்கலாம்." மாத்திரு என்றேன். பழைய என்ஜின் ஒன்று சேலத்திலிருந்து வர வேண்டும், வந்து ஏற்றி ஓட்டிப் பார்த்துக் கொடுக்க மூன்று வாரம் பிடிக்கும் என்றான். மூன்று வியாழன். பெயின்ட் டப்பாவை எடுத்துக் குலுக்கி, "அப்ப அந்தக் கதவையாவது அடிச்சிர்றேன், பாக்க அசிங்கமா இருக்கு" என்றான். "அதத் தொடாத." "ஏண்ணே?" "தொடாதன்னா தொடாத." அவன் தோளைக் குலுக்கிவிட்டு வியாபாரிக்குப் போன் போடப் போனான். இறங்கி, வண்டியைச் சுற்றிவந்து, இடது பக்கக் கதவருகே நின்றேன். மாமா நாளைக்கு இந்நேரம் திருச்சியிலிருந்து திரும்பிக்கொண்டிருப்பார். அந்த விரல் மறுபடி பட்டனுக்குப் போகும். போகாமலும் இருக்கலாம், இரண்டு தடவை இறங்காத ஜன்னலை மூன்றாம் தடவை கேட்கிற மனுஷர் இல்லை அவர். அன்றைக்குக் கதவில் ஒற்றைத் தட்டுத் தட்டினார், நான் போனேன், அதற்கப்புறமும் ஒரு வார்த்தை கேட்கவில்லையே. மூன்று வாரம் கண்ணை மூடிக்கொண்டு, வெளியே கீரனூர் போவது தெரியாமல். என் வயிற்றுக்குள் இருந்த குளிர்ச்சி போய்விட்டிருந்தது. போனை எடுத்தேன். ஒரே மணியில் எடுத்துவிட்டான். "சொல்லுங்கண்ணே." "ஜன்னல் பூட்டை எடுத்து விடு. அவரு பக்கம் மட்டும் போதும். ஏசி போடாத, காத்து வேணும் அவருக்கு." "அவ்வளவுதானாண்ணே? இதச் சொல்லியிருந்தா அன்னைக்கே எடுத்து விட்டிருப்பேனே." அவன் சிரிக்கிறது கேட்டது. வேற ஏதாவது உண்டா என்று கேட்டான். செபஸ்தியான் அந்தப் பக்கம் வியாபாரியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தான். என் விரல் உதிர்ந்த பெயின்டின் மேல் இருந்தது. அடியில் இரும்பு, வெயிலில் சுட்டது. வேற ஒண்ணுமில்ல என்றேன். கிளம்புவதற்கு முன்னால் கொஞ்சம் காத்திருக்க வேண்டும் என்பதை நான் அவனுக்குச் சொல்லவில்லை.